வாறன் என்று போனவன்

அவனுக்குப் போகத் தெரியாது. வரத் தெரியும், இருக்கத் தெரியும், இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கத் தெரியும். எழும்பிப் போவது மட்டும் ஏலாத காரியம். பகல் மூன்று மணிக்கு, மத்தியானச் சாப்பாட்டுக்காரர் எல்லாம் போய், நாங்கள் கடைக் கதவில் தொங்கும் அட்டையைத் திருப்பி விட்ட பிறகு வருவான். நாலு மணிக்கு "சரி அண்ணை, சரி அக்கா" என்று எழும்புவான். நாலரைக்கும் கை கதவுப் பிடியில்தான் இருக்கும். பிடியைப் பிடித்தபடி ஒரு கதை, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொரு கதை, வெளியே போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கைச்சாடையில் ஒரு கதை. கடையின் சூடு முழுக்கத் தெருவுக்குப் போய்விடும்.

தொலைபேசியில் இதைவிட மோசம். ஒருநாள் தாயோடு பேசிவிட்டு வைக்கும்போது "பை, பை, பை" என்று சொல்லத் தொடங்கினான். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு எண்ணினேன். பதினொரு தரம். கேட்டதற்கு, அயர்லாந்தில் எல்லோரும் அப்படித்தான், தன்னுடைய அம்மா இன்னும் வைக்கவில்லை என்று தொலைபேசியைக் காட்டினான். உண்மையாகவே அந்த மனிசி இன்னும் சொல்லிக்கொண்டிருந்தா.

ஜேர்மன்காரர் இப்படி இல்லை. போகும்போது "சூஸ்" என்பார்கள், நிமிர்ந்து பார்த்தால் ஆள் இருக்காது. இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது, அது மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை. யாழ்ப்பாணத்தார் நாங்கள் "அப்ப சரி" என்று சொல்லி எழும்பிய பிறகுதான் வந்த விஷயத்தையே தொடங்குவோம். எங்கள் சனத்தின் கலியாணப் பேச்சுகளில் பாதி சப்பாத்து மாட்டும் இடத்தில் முடிந்தவை. அதனால்தானோ என்னவோ, கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் அறை எடுத்து இருந்த இந்த அயர்லாந்துப் பெடியன் எங்கள் ஆள் என்று என் மனைவி முதல் கிழமையே முடிவுகட்டிவிட்டாள்.

முதல் சந்திப்பு அவ்வளவு நல்லதாக இருக்கவில்லை. பேர்லின் நொய்கெல்னில் எங்கள் கடை இருக்கும் கட்டடத்தின் படிக்கட்டில் ஒருவன் கத்தி அழும் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ அடிக்கிறார்கள் என்று நினைத்து, கையில் இருந்த அகப்பையோடு ஓடினேன். அங்கே சிவத்த தலைமயிரோடு மெலிந்த ஒருவன் தபால் பெட்டிகளுக்கு முன்னால் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கண்ணைத் துடைத்துவிட்டு, "நல்லாயிருந்ததா?" என்று கேட்டான். அடுத்தநாள் ஏதோ ஒரு நாடகத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம், அதற்குப் பழகினானாம். எனக்கு விசர் வந்தது. நல்லாயிருந்தது என்று சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

அவனுடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினாலும் வாசிக்க ஏலாது, எழுத்து ஒன்று சத்தம் வேறொன்றாக இருக்கும் பெயர். மனைவி "தம்பி" என்று கூப்பிட்டாள். அவன் அதைத் தனக்கு வைத்த பெயர் என்று எடுத்துக்கொண்டு, முருகன் கோயில் தேருக்குக் கூட்டிப்போனபோது வயதான ஆட்களுக்கெல்லாம் கைகொடுத்து, "நான் தம்பி" என்று அறிமுகம் செய்தான். அவனுடைய டொச்சும், அதுதான் ஜேர்மன் பாஷை, எங்களுடைய டொச்சும் ஒரே அளவு நொண்டி என்பதால் பேச்சு நன்றாக ஓடியது. அவன் சொன்னவற்றை நான் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

டப்ளினில் நடிப்புப் படித்துவிட்டு, ஒரு நாடகக் குழுவோடு பேர்லினுக்கு வந்தவன். குழு திரும்பிப் போய்விட்டது. இவன் போகவில்லை. அதுதான் சொன்னேனே, போகத் தெரியாது. பிறகு தொலைக்காட்சியில் சின்னச் சின்ன வேஷங்கள் கிடைத்தன. எல்லாம் இங்கிலீஷ்காரன் வேஷம். அயர்லாந்துக்காரனுக்கு அது எவ்வளவு கசப்பு என்பதை எங்களுக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இன்னொரு வில்லங்கமும் இருந்தது. அந்த இங்கிலீஷ்காரன் எப்போதும் முதல் ஐந்து நிமிஷத்துக்குள் செத்துப்போவான்.

ஞாயிற்றுக்கிழமைத் துப்பறியும் தொடரில் அவன் வருகிறான் என்று நாங்கள் கடையில் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, ரோல்ஸும் தேத்தண்ணியுமாக இருந்தோம். படம் தொடங்கியது. வாய்க்காலில் ஒரு பிணம் மிதந்தது. அதுதான் அவன். என் மனைவி கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள். அடுத்த தொடரில் ஒரு லிப்டுக்குள் செத்துக் கிடந்தான். அதற்கடுத்ததில் ஸ்பார்கல் என்கிற மரக்கறி வயலில், பிடுங்கிப் போட்ட வெள்ளைத் தண்டுகளுக்கு நடுவே முகம் குப்புற. அவனுக்கு அதில் பெருமைகூட இருந்தது. "செத்தவனா நடிக்கிறவன் மூச்சை அடக்கக் கூடாது அண்ணை. மூச்சு எண்டு ஒண்டு இருக்கிறதை மறந்துபோகவேணும்" என்று எனக்குப் பாடம் எடுத்தான். கடைத் தரையில் படுத்துச் செய்தும் காட்டினான். நான் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் பயந்து காலால் தட்டினேன்.

என் மனைவிக்கு இது விளையாட்டாகப் படவில்லை. தன் கையால் சோறு போடுகிற பிள்ளை கிழமைக்குக் கிழமை சாகிறது அவளுக்குப் பொறுக்கவில்லை. செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து அவன் தலையை மூன்று தரம் சுற்றி நாவூறு கழித்து நெருப்பில் போட்டாள். மிளகாய்ப் புகைக்குக் கூரையில் இருந்த அலாரம் அடித்து, கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும் குளிருக்குள் வெளியே வந்து நின்றார்கள். அதோடு நாவூறு நின்றது. வேறொரு சட்டம் வந்தது.

"செத்தவீட்டுக்குப் போட்டு வந்தாலே தோயாமல் வீட்டுக்குள்ளை வரக் கூடாது" என்றாள். "நீங்கள் செத்தே போட்டு வாறீங்கள். மேலை போய்த் தோய்ஞ்சிட்டு வாங்கோ, பிறகுதான் சாப்பாடு."

தோய்வது என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிப்பது. பொல்லாத ஒரு காரணத்துக்காகத் தலைமுழுகச் சொல்கிறார்கள் என்பது அவனுக்கு விளங்கியதா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து, படப்பிடிப்பில் செத்த நாட்களில், தலைமயிரில் தண்ணீர் சொட்டச் சொட்டத்தான் கடைக்கு வருவான். நான் ஈரத் தலையைக் கண்டால், "இண்டைக்கு எங்கை?" என்று கேட்பேன். "கார் தரிப்பிடத்திலை" என்பான். மனைவி, "தோய்ஞ்சனீங்களோ?" என்பாள். "ஓம் அக்கா" என்று தலையைக் குனிந்து காட்டுவான்.

இந்தத் தோய்ச்சலில் இன்னொரு கூத்தும் நடந்தது. ஒரு சின்ன நாடகத்தின் முதல் நாள், அவனுடைய கூட்டாளிகள் நாலைந்து பேர் எங்கள் கடையில் சாப்பிட்டுவிட்டு அரங்கத்துக்குப் புறப்பட்டார்கள். ஜேர்மனியில் நாடகக்காரர் மேடைக்குப் போகுமுன் ஒருவர் தோளுக்கு மேலால் மற்றவர் துப்புகிற மாதிரிச் செய்து, "டொய், டொய், டொய்" என்று சொல்வார்களாம். நல்லபடி நடக்கவேண்டும் என்ற வாழ்த்து. அயர்லாந்துக்காரனுடைய நாக்கு 'டொ'வைப் பல்லில் வைத்துத்தான் சொல்லும். அவன் வாயில் அது "தோய், தோய், தோய்" என்று வந்தது. என் மனைவி சட்டியைக் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பாத்தீங்களோ, இவையளுக்கும் தெரியுது. நீங்கள்தான் என்னைப் பகிடி பண்ணுறீங்கள்."

"இஞ்சரும், அது வேறை" என்றேன்.

"என்ன வேறை? மேடையிலை சாகப்போறவனைத் தோயச் சொல்லுகினம்."

அந்த வாழ்த்துக்கு நன்றி சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது என்றும் ஒரு வழக்கம் இருக்கிறது. கரண்டி எடுத்துக் கொடுத்தாலே நன்றி சொல்கிற பெடியன் அன்றைக்கு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். மனைவிக்கு அதிலும் ஒரு நியாயம் தெரிந்தது. குளிக்கச் சொன்னதற்கு ஆராவது நன்றி சொல்லுவினமோ என்றாள்.

இப்படிச் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவனுக்கு ஒரு குளிர்காலம் பெரிய வேஷம் கிடைத்தது. வாய்க்கால் கரையில் நூறு கதிரைகூட இல்லாத ஒரு அரங்கம், புது நாடகம், ஆனால் கதையின் நடுவில் அவன். படிகளில் நாலு நாலாகப் பாய்ந்து இறங்கி வந்து எங்களுக்குத்தான் முதலில் சொன்னான். பெயரில்லாத ஒரு ஊரில் யுத்தம் நடக்கிறது. ஒரு வீட்டில் அக்காவும் தம்பியும். நாடகம் முழுக்க இருவரும் சண்டைபிடிக்கிறார்கள், சீட்டு விளையாடுகிறார்கள், சிரிக்கிறார்கள். கடைசியில் தம்பி பேக்கரிக்குப் பாண் வாங்கப் போகிறான். திரும்பி வரப்போவதில்லை என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

அந்தக் கடைசிப் போக்குத்தான் அவனுக்கு வரவில்லை. ஒத்திகைக்கு மேல் ஒத்திகை. இயக்குநர் ஒரு நெட்டையான, நரைத்த தலைப் பெண்மணி. "நீ பாண் வாங்கப் போகவில்லை, சாகப் போகிறாய்" என்று ஒவ்வொரு நாளும் நிறுத்தினாவாம். அத்தனை தரம் செத்த உடம்பு, வாசலைக் கண்டதும் தானாகவே சாகத் தயாராகிவிட்டது. வியாழக்கிழமைக்குள் சரிவராவிட்டால் வேஷம் இன்னொருவனுக்கு என்று சொல்லிவிட்டா. அந்த இன்னொருவன் ஏற்கெனவே வசனம் பாடமாக்கிக்கொண்டு பின்வரிசையில் இருந்தான். இதுவும் போனால் ஊருக்கே திரும்புவதாக இவன் சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் இரண்டாம் தரம் சோறு கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பகல் எங்கள் கடைக் கதவில் பழகினான். கோட்டைப் போடுவான், கதவைத் திறப்பான், "நான் அப்ப போறன்" என்று டொச்சில் சொல்லுவான், போவான், திரும்பி வருவான். முப்பது தரம் இருக்கும். குளிர் உள்ளே வந்து என் கால் மரத்துவிட்டது. நான் ஏசுவதற்கு வாயெடுக்க முன்னரே சமையலறைக்குள் இருந்து மனைவி வந்தாள்.

"தம்பி, அந்தச் சொல்லைச் சொல்லாதேங்கோ."

"எந்தச் சொல் அக்கா?"

"போறன் எண்டு. என்ரை வாசலிலை நிண்டு ஒருத்தரும் அப்பிடிச் சொல்லுறேல்லை."

"வசனம் அப்பிடித்தான் எழுதியிருக்கு."

"எழுதினவருக்குத் தெரியாது. வாறன் எண்டு சொல்லவேணும். போகேக்கை வாறன் எண்டுதான் சொல்லுறது."

அவன் குழம்பிப்போனான். போகிறவன் ஏன் வருகிறேன் என்று சொல்கிறான் என்று கேட்டான். பகிடியாகத்தான் கேட்டான். இவள் பகிடியாகப் பதில் சொல்லவில்லை. தனக்கும் ஒரு தம்பி இருந்தவன் என்றாள். பத்தொன்பது வயது. சைக்கிளை எடுத்துக்கொண்டு, வீட்டு வாசல் படலையடியில் நின்று, அவசரத்தில், "அக்கா, போறன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவுதான். நொண்டி டொச்சில் இவ்வளவையும் சொல்லிவிட்டு, போறன், வாறன் என்ற இரண்டு சொற்களை மட்டும் தமிழில் சொன்னாள். எங்களுக்குக் கலியாணமாகி இத்தனை வருடத்தில் இந்தக் கதையை அவள் வாயால் நான் இரண்டு தரம்தான் கேட்டிருக்கிறேன். மூன்றாம் தரம் அயர்லாந்துக்காரன் ஒருவனுக்குச் சொல்லும்போது கேட்டேன்.

அவன் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கதையும் இல்லாமல், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கைகூடக் காட்டாமல் போய்விட்டான். போகத் தெரியாதவன் அப்படிப் போனது எனக்குச் சரியாகப் படவில்லை. அவனை மனம் நோகப் பண்ணிவிட்டாய் என்று இவளோடு கொழுவினேன். அடுத்த மூன்று நாளும் அவன் வரவில்லை.

சனிக்கிழமை காலை கதவுக்குக் கீழால் ஒரு உறை வந்திருந்தது. முதல் நாள் காட்சிக்கு இரண்டு ரிக்கற், மூன்றாம் வரிசை. கூடவே ஒரு வரி: 'வேஷம் என்னிடம்தான்.'

அன்றைக்கு மாலை கடையைப் பூட்டினோம். இவள் கலியாணவீட்டுச் சேலை கட்டி, அதற்கு மேலே குளிர்க்கோட்டும் கீழே பனிச்சப்பாத்தும் போட்டுக்கொண்டு வந்தாள். அரங்க வாசலில் அவன் நின்றான். கூட்டாளிகள் மாறி மாறி "டொய், டொய், டொய்" என்றார்கள். இவள் கைப்பையில் இருந்த திருநீற்றை எடுத்து அவன் நெற்றியில் பூசிவிட்டு, "தோய்ஞ்சனீங்களோ?" என்று கேட்டாள். "ஓம் அக்கா" என்றான். நன்றி சொல்லவில்லை.

நாடகம் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு நடிகர்மேல் பெரிய மதிப்பு இருந்ததில்லை, ஆனாலும் ஒருதரமும் நேரத்தைப் பார்க்கவில்லை. கடைசிக் காட்சி வந்தது. அக்காவாக நடித்த பெண் மேசையில் உடுப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். இவன் கோட்டைப் போட்டான். கதவுப் பிடியைப் பிடித்தான். பிடித்தபடி ஒரு பகிடி விட்டான். கதவைத் திறந்தான், தொப்பியை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தான். திரும்பப் போனான், மேசையில் கிடந்த அப்பிளை ஒரு கடி கடிக்க வந்தான். சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். எங்கள் கடைக் கதவு அப்படியே மேடையில் இருந்தது. சூடு வெளியே போகிறது என்று கத்தவேண்டும் போலவும் இருந்தது.

பிறகு வாசற்படியில் நின்று திரும்பினான்.

"அக்கா, வாறன்" என்றான். தமிழில்.

எனக்குப் பக்கத்தில் இருந்து, சமையலறையில் இருந்து கூப்பிடுகிற அதே உரத்த குரலில், "ஓம் தம்பி. கவனமாப் போட்டு வாங்கோ" என்று பதில் போனது.

கதிரைக்குக் கீழே ஒளிக்க இடம் இருந்தால் ஒளித்திருப்பேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேடையில் அவன் ஒரு கணம் எங்கள் பக்கம் பார்த்து, "ஓம்" என்று சொல்லிவிட்டு, பாண் வாங்கப் போகிறவன் போலவே போனான். கதவு மூடிக்கொண்டது.  இவள் என் கையைப் பிடித்திருந்தாள். அவளுடைய தம்பி சொல்லாமல் விட்டதை, முப்பத்தைந்து வருடம் கழித்து, சிவத்த தலைமயிர்க்காரன் ஒருவன் அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். நானும் அழுதேன். அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

முடிந்ததும் இயக்குநர் நேரே எங்களிடம் வந்தா. என் மனைவியின் சேலையை ஒருதரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கள் ஐரிஷ் எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டா. எங்கள் பெடியன், வசனத்தில் ஒரு சொல்லை மட்டும் தன்னுடைய வீட்டில் சொல்வதுபோலச் சொல்ல அனுமதி கேட்டிருக்கிறான். அந்த மனிசி அதை அயர்லாந்துப் பாஷை என்று நினைத்துக்கொண்டா. அவன் பொய் சொல்லவில்லை. வீடு எது என்று அவ கேட்கவில்லை, அவ்வளவுதான். உண்மை தெரிந்த பிறகும் அவ விடவில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் வந்து அதே இடத்தில் இருந்து அதே பதிலைச் சொல்ல முடியுமா என்று கேட்டா. என் மனைவி கைப்பையில் இருந்து நாட்காட்டியை எடுத்தாள்.

"புதன்கிழமை ஏலாது. பல் டொக்குத்தரிட்டை டெர்மின் இருக்கு" என்றாள்.

மற்ற எல்லா நாளும் போனாள். நான் தனியாகக் கொத்துரொட்டி போட்டேன். பத்திரிகையில் ஒருவர், மூன்றாம் வரிசையில் இருந்து எழும் அந்தக் குரலைப் பற்றி ஒரு பந்தி எழுதியிருந்தார். அதை வெட்டிக் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். அவனைப் பற்றியும் நாலு வரி நல்லதாக இருந்தது. அதற்குப் பிறகு லண்டனில் இருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். வசந்தகாலம் முடியுமுன் அங்கே ஒரு படத்தில் வேஷம் கிடைத்தது.

போகிற அன்றைக்கு எங்கள் வாசலில் ஒன்பது தரம் "வாறன்" சொன்னான். விமானம் போய்விட்டது. திரும்பி வந்து சாப்பிட்டுவிட்டு, அடுத்த விமானத்துக்கு இன்னும் ஏழு தரம் சொன்னான்.

பிறகு ஆறு வருடம் ஆள் இல்லை. முதலில் கடிதம் போட்டான், பிறகு குறைந்தது. பெரிய படங்களில் வந்தான். பேர்லினில் சுவரொட்டிகளில் முகம் வந்தது. இப்போதெல்லாம் முதல் ஐந்து நிமிஷத்தில் சாவதில்லை, கடைசி ஐந்து நிமிஷத்தில்தான் சாகிறான். அதுதான் முன்னேற்றம் என்று நான் சொன்னால் இவளுக்குப் பிடிக்காது. அவன் மறந்துவிட்டான், பெரிய ஆளாகிவிட்டான் என்று கடைக்கு வருகிறவர்கள் சொன்னால், "வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தானே போனவர்" என்று மட்டும் சொல்லுவாள். எனக்கு அந்த நம்பிக்கை இருக்கவில்லை.

போன வருடம் குளிர்காலத்தில் ஒருநாள், பகல் மூன்று மணி. அட்டையைத் திருப்பி விட்டிருந்தேன். கதவு திறந்தது. சிவத்த தலைமயிரில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே மழை இல்லை.

 எனக்குப் பழைய கேள்வி ஞாபகம் வந்தது.

"இண்டைக்கு எங்கை?" என்றேன்.

"ஸ்டேஷனிலை, அண்ணை. மூண்டு குண்டு" என்றான். படப்பிடிப்புக்கு வந்தானாம். விடுதியில் தலைமுழுகிவிட்டு நேரே வந்தானாம்.

சமையலறை வாசலில் இவள் நின்றாள். உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டாள், பருப்பு விட்டாள், கத்தரிக்காய்க் குழம்பு விட்டாள். கொண்டுவந்து அவன் வழக்கமாக இருக்கும் மேசையில் வைத்தாள். கண்ணைத் துடைக்கவில்லை, வழிய விட்டாள்.

"ஏன் தம்பி இவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

 அந்தக் கேள்வி தன்னிடம் மட்டும் கேட்கப்பட்டதல்ல என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

"வாசலிலை நிண்டு கதைச்சுக்கொண்டு நிண்டிட்டன், அக்கா" என்றான்.